சி++ செந்தர நூலகத்தைத் தவறாகக் கையாளும் இடங்களை டீபக் அசெர்ஷன்களால் பிடிப்பது எப்படி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வரிசையாக வரும் எண்களைக் குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு கூட்டுத்தொகை போடும் சிறிய நிரல் ஒன்றை நான் எழுதியிருந்தேன். ஒரு குழு முடிந்ததும் வெக்டரை கிளியர்() செய்துவிட்டு அடுத்த குழுவைத் தொடங்குவேன். சில நாட்களுக்கு ஒரு முறை ஒரே ஒரு குழுவின் கூட்டுத்தொகை மட்டும் தவறாக வந்தது. நிரல் ஒருபோதும் செயலிழக்கவில்லை, சோதனைகள் அனைத்தும் தேறின, நினைவகப் பிழைகளைத் தேடும் அட்ரஸ் சானிடைசரும் எதையும் காட்டவில்லை. மூன்று வாரங்கள் தேடிய பிறகு, கம்பைலருக்கு ஒரே ஒரு ஃப்ளாக்கைக் கூடுதலாகக் கொடுத்து ஓட்டியபோது இரண்டு நிமிடத்தில் காரணம் தெரிந்தது: சில குழுக்கள் காலியாக வந்தன, காலியான வெக்டரில் நான் ஃப்ரண்ட்() கேட்டுக்கொண்டிருந்தேன். கிளியர்() உறுப்புகளை நீக்குமே தவிர, பிடித்துவைத்த இடத்தைத் திருப்பிக் கொடுக்காது. ஆகவே முந்தைய குழுவின் முதல் எண் அதே இடத்தில் அப்படியே கிடந்தது, அதையே நிரல் எடுத்துக்கொண்டது.

நினைவகத்தின் கண்ணோட்டத்தில் அது பிழையே அல்ல, ஏனென்றால் அந்த இடம் இன்னும் வெக்டருக்குச் சொந்தமானதுதான். காலியான வெக்டரில் முதல் உறுப்பைக் கேட்கக் கூடாது என்ற நிபந்தனை செந்தர நூலகத்துக்கு, அதாவது நாம் அன்றாடம் ஸ்டாண்டர்டு லைப்ரரி என்று சொல்வதற்கு, மட்டுமே தெரியும். அந்த நிபந்தனையை நூலகமே சோதித்துச் சொல்லும்படி செய்வதுதான் டீபக் அசெர்ஷன். இயல்பில் பெரும்பாலும் அணைந்தே கிடக்கும் இந்த வசதியை எப்படி இயக்குவது, எங்கே சறுக்குவோம், என்ன விலை கொடுப்போம் என்பதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

ஒரு சிறு குறிப்பு: இந்த வசதியை இயக்க, கம்பைலருக்குக் கொடுக்கும் மேக்ரோக்களின் பெயர்களைத் தமிழ் ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். விசைப்பலகையில் அடிக்கும்போது அவை எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்துகள். காட்டியிருக்கும் அடிக்கோடுகளை, முதலில் வரும் அடிக்கோடு உட்பட, விடாமல் அடிக்க வேண்டும்.

1. உங்கள் நிரல் எந்த நூலகத்தோடு கட்டப்படுகிறது என்று உறுதி செய்யுங்கள்

சி++ மொழி ஒன்றுதான் என்றாலும் செந்தர நூலகம் ஒன்றல்ல. ஜிசிசி கம்பைலரோடு வருவது லிப்எஸ்டிடிசி++. எல்எல்விஎம் திட்டத்தின் நூலகம் லிப்சி++, மேக்கில் இயல்பாகக் கிடைப்பதும் இதுதான். விண்டோஸில் விஷுவல் ஸ்டுடியோவோடு வருவது மைக்ரோசாஃப்டின் நூலகம். ஒவ்வொன்றுக்கும் அசெர்ஷனை இயக்கும் மேக்ரோ வேறு.

முதல் சறுக்கல் இங்கேயே காத்திருக்கிறது. லினக்ஸில் கிளாங் கம்பைலரைப் பயன்படுத்துகிறவர்கள், கம்பைலர் எல்எல்விஎம்முடையது என்பதால் நூலகமும் லிப்சி++ தான் என்று நினைத்து அதற்கான மேக்ரோவைக் கொடுப்பார்கள். ஆனால் லினக்ஸில் கிளாங் இயல்பாக எடுத்துக்கொள்வது லிப்எஸ்டிடிசி++ ஐத்தான். லிப்சி++ வேண்டுமென்றால் எஸ்டிடிலிப் என்ற தெரிவின் வழியே தனியாகக் கேட்க வேண்டும். பொருந்தாத மேக்ரோவைக் கொடுத்தால் எந்த எச்சரிக்கையும் வராது, எதுவும் நடக்காது, எல்லாம் நன்றாக இருக்கிறது என்ற பொய்யான நிம்மதி மட்டும் கிடைக்கும்.

சந்தேகம் இருந்தால் வெர்ஷன் என்ற ஹெடரை உள்ளிட்டு, அதற்குப் பின் எந்த மேக்ரோ வரையறுக்கப்பட்டிருக்கிறது என்று மூன்று இஃப்டெஃப் வரிகளால் சோதித்துப் பாருங்கள். __ஜிஎல்ஐபிசிஎக்ஸ்எக்ஸ்__ இருந்தால் முதல் நூலகம், _லிப்சிபிபி_வெர்ஷன் இருந்தால் இரண்டாவது, _எம்எஸ்விசி_எஸ்டிஎல்_வெர்ஷன் இருந்தால் மூன்றாவது. முதல் மேக்ரோவில் இரு பக்கமும் இரண்டிரண்டு அடிக்கோடுகள் இருப்பதைக் கவனியுங்கள்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நான்கு விஷயங்களைத் திரட்டி ஒரே கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது, ஒரு கோப்பு உண்மையில் எந்தக் கட்டளையால் கம்பைல் ஆகிறது என்ற முழு வரி. சிமேக் என்ற பில்டு கருவியைப் பயன்படுத்துகிறவர்கள் அதன் கம்பைல் கட்டளைப் பட்டியலை ஜேசன் கோப்பாக எழுதச் சொல்லலாம். இரண்டாவது, உங்கள் நிரல் இணைத்துக்கொள்ளும் பிறர் நூலகங்களின் பட்டியல், ஒவ்வொன்றும் மூலநிரலாகக் கிடைக்கிறதா அல்லது ஏற்கெனவே கம்பைல் செய்த பைனரியாக வருகிறதா என்ற குறிப்போடு. ஆறாம் படியில் எல்லாம் இந்தக் குறிப்பைத்தான் நம்பியிருக்கும். மூன்றாவது, நூலகத்தின் கையேட்டில் மேக்ரோக்கள், டீபக் மோடு ஆகிய பகுதிகள். நான்காவது, பிழை தோன்றிய உள்ளீடு உங்களிடம் இருந்தால் அது.

3. இலகுவான சோதனையை முதலில் இயக்குங்கள்

லிப்எஸ்டிடிசி++ இல் இரண்டு நிலைகள் உண்டு. இலகுவான நிலையை இயக்குவது _ஜிஎல்ஐபிசிஎக்ஸ்எக்ஸ்_அசெர்ஷன்ஸ் என்ற மேக்ரோ. கம்பைலர் கட்டளையில் -டி என்ற எழுத்தை ஒட்டி இதை எழுதினால் போதும். ஜிசிசி 6 முதல் இது கிடைக்கிறது. ஜிசிசி 15 இல், ஆப்டிமைசேஷன் இல்லாமல் கட்டும்போது இது தானாகவே இயங்கும்படி மாற்றிவிட்டார்கள். ஆனால் ஆப்டிமைசேஷனை இயக்கும் -ஓ2 கொடுத்துக் கட்டும் நிரலுக்கு அப்போதும் நீங்களேதான் கேட்க வேண்டும். ஜிசிசி 14 முதல் இருக்கும் -எஃப்ஹார்டன்டு என்ற தெரிவு, வேறு சில பாதுகாப்புகளோடு இதையும் சேர்த்து இயக்குகிறது.

இந்த நிலை பிடிப்பவை பெரும்பாலும் ஒரே ஒப்பீட்டில் முடிந்துவிடும் சோதனைகள்: வெக்டர், ஸ்ட்ரிங், அரே, ஸ்பான் ஆகியவற்றில் சதுர அடைப்புக்குறிக்குள் அளவை மீறிய எண், காலியான கொள்கலனில் ஃப்ரண்ட்(), பேக்(), பாப்_பேக்(), மதிப்பே இல்லாத ஆப்ஷனலை நட்சத்திரக் குறியால் திறப்பது, வெறுமையான யூனிக் பாயிண்ட்டரை அதே குறியால் திறப்பது, கிளாம்ப்() செயற்கூறுக்குக் கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் மாற்றிக் கொடுப்பது. யூனிக் பாயிண்ட்டரில் அம்புக்குறி வழியாக அணுகுவதை இந்த நிலை சோதிப்பதில்லை என்பதை நினைவில் வையுங்கள். வெறுமையான பாயிண்ட்டர் என்றால் நிரல் பெரும்பாலும் தானாகவே அங்கே விழுந்துவிடும் என்றாலும், அசெர்ஷன் செய்தி வராது.

இந்த மேக்ரோவை ஒரு சிபிபி கோப்பின் நடுவில் டிஃபைன் வரியாக எழுதாதீர்கள். செந்தர நூலகத்தின் ஹெடர்களில் ஒன்று ஏற்கெனவே உள்ளே வந்திருந்தால் அந்த வரிக்குப் பயன் இல்லை. கட்டளை வரியில் கொடுப்பதே சரி. சிமேக்கில் ஆட்_கம்பைல்_டெஃபனிஷன்ஸ் வழியாகக் கொடுப்பதாக இருந்தால், துணை அடைவுகளைச் சேர்க்கும் ஆட்_சப்டைரக்டரி வரிகளுக்கு மேலே அதை வையுங்கள். கீழே வைத்தால் துணை அடைவுகளுக்கு அது போய்ச் சேராது, நிரலின் பாதிக்கு மட்டுமே சோதனை நடக்கும். நான் இப்படி ஒரு முழு மாலையை இழந்திருக்கிறேன்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். அசெர்ட் என்ற பழைய மேக்ரோவை என்டீபக் அணைத்துவிடும். சிமேக்கின் ரிலீஸ் பில்டு என்டீபக்கைத் தானாகவே சேர்க்கும். அதனால் நூலகத்தின் அசெர்ஷன்களும் ரிலீஸில் அணைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டுக்கும் தொடர்பு இல்லை. மேற்சொன்ன மேக்ரோவைக் கொடுத்திருந்தால் என்டீபக் இருந்தாலும் நூலகம் சோதிக்கும்.

4. வேண்டுமென்றே ஒரு முறை உடைத்துப் பாருங்கள்

மேக்ரோவின் பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் கம்பைலர் வாய் திறக்காது. ஆகவே உங்கள் நிரலை ஓட்டும் முன், மூன்றே உறுப்புகள் உள்ள ஒரு வெக்டரில் ஐந்தாவது இடத்தைக் கேட்கும் நான்கு வரி நிரல் ஒன்றை எழுதி, உங்கள் நிரலுக்குக் கொடுக்கும் அதே ஃப்ளாக்குகளோடு கட்டி ஓட்டுங்கள். சோதனை இயங்கினால், ஹெடர் கோப்பின் பெயர், வரி எண், எந்த நிபந்தனை தோற்றது என்ற செய்தி ஆகியவற்றை அச்சிட்டுவிட்டு நிரல் அபார்ட் ஆகும். ஷெல்லில் அதன் முடிவுக் குறியீடு 134 என்று காட்டும். அது 128 உடன் அபார்ட் சமிக்ஞையின் எண்ணான 6 ஐக் கூட்டியது. நிரல் ஏதோ ஒரு குப்பை எண்ணை அச்சிட்டுவிட்டு அமைதியாக முடிந்தால், மேக்ரோ போய்ச் சேரவில்லை என்று பொருள். முதல் படிக்குத் திரும்புங்கள்.

இந்தச் சிறு நிரலை அழித்துவிடாதீர்கள். தானியங்கிச் சோதனை அமைப்பில் இதையும் ஒரு சோதனையாகச் சேர்த்து, 134 வராவிட்டால் பில்டு தோற்க வேண்டும் என்று ஒரு ஷெல் வரி எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து யாரோ பில்டு கோப்பைத் திருத்தும்போது மேக்ரோ காணாமல் போனால், அதை வேறு எதுவும் உங்களுக்குச் சொல்லாது.

5. செய்தியை வாசிக்கும் முறை

அசெர்ஷன் செய்தி சுட்டுவது நூலகத்தின் ஹெடரில் உள்ள வரியை. உங்கள் பிழை அங்கே இல்லை. புதியவர்கள் அந்த ஹெடரைத் திறந்து வைத்துக்கொண்டு குழம்புவதை அடிக்கடி பார்க்கிறேன். -ஜி ஃப்ளாக்கோடு கட்டி, ஜிடிபி டீபக்கருக்குள் நிரலை ஓட்டி, அபார்ட் ஆனதும் பேக்ட்ரேஸ், அதாவது எந்தச் செயற்கூறை எது அழைத்தது என்ற பட்டியல், கேளுங்கள். மேலே உள்ள சில சட்டகங்கள் அபார்ட் தொடர்பானவை, அடுத்தவை நூலகத்தினுடையவை. அவற்றைக் கடந்து கீழே இறங்கும்போது உங்கள் சொந்தக் கோப்பின் பெயர் முதன்முதலாக எங்கே வருகிறதோ அந்த வரிதான் நிபந்தனையை மீறிய இடம். அந்தச் சட்டகத்துக்குப் போய் வெக்டரின் அளவையும் கேட்ட எண்ணையும் அச்சிட்டுப் பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

அசெர்ஷன் என்பது எக்செப்ஷன் அல்ல. ட்ரை, கேட்ச் போட்டு அதைப் பிடிக்க முடியாது, டிஸ்ட்ரக்டர்கள் ஓடாது, இடையகத்தில் இருந்து கோப்பில் எழுதப்படாத வரிகள் தொலைந்துபோகும். உங்கள் பதிவுக் கோப்பின் கடைசி வரியை வைத்து இதற்குப் பிறகுதான் பிழை என்று முடிவு கட்டினால், தவறான இடத்தில் தேடுவீர்கள். அளவை மீறும் எண் உங்கள் நிரலில் இயல்பாகவே வரக்கூடியது, அதைக் கையாண்டுவிட்டு மேலே தொடர வேண்டும் என்றால், அதற்கு உரியது எக்செப்ஷன் எறியும் அட்(). அசெர்ஷன் அந்த வேலைக்கானது அல்ல.

6. முழு டீபக் மோடு: வலிமை அதிகம், பொறியும் அதிகம்

இரண்டாம் நிலையை இயக்குவது _ஜிஎல்ஐபிசிஎக்ஸ்எக்ஸ்_டீபக். இதைக் கொடுத்தால் வெக்டர், லிஸ்ட், மேப் போன்ற கொள்கலன்களின் இடத்தில், தம்மிடமிருந்து பிறந்த ஒவ்வோர் இட்டரேட்டரையும் (கொள்கலனில் ஓர் இடத்தைச் சுட்டி, உறுப்பு உறுப்பாக நகர உதவுவது) கணக்கில் வைத்திருக்கும் வேறு கொள்கலன்கள் வந்து அமர்கின்றன. ஒரு வெக்டரில் புதிய உறுப்பைச் சேர்க்கும்போது அது இடம் மாறினால், பழைய இடத்தைச் சுட்டிக்கொண்டிருந்த இட்டரேட்டர்கள் எல்லாம் செல்லாதவை என்று அப்போதே குறிக்கப்படும். அவற்றில் ஒன்றை நீங்கள் பிறகு தொட்டவுடன் நிரல் நிற்கும். முடிவைத் தாண்டி நகர்த்துதல், ஒரு கொள்கலனின் தொடக்கத்தையும் வேறொன்றின் முடிவையும் சேர்த்து அல்காரிதத்துக்குக் கொடுத்தல், வரிசைப்படுத்தாத தொகுப்பில் லோயர்_பவுண்டு() கேட்டல் ஆகியவையும் இதில்தான் பிடிபடும். செய்தியும் விரிவானது, சம்பந்தப்பட்ட இட்டரேட்டர் எந்த நிலையில் இருக்கிறது, எந்தக் கொள்கலனைச் சேர்ந்தது என்பது வரை சொல்லும்.

இதன் பொறி ஏபிஐ (அப்ளிகேஷன் பைனரி இன்டர்ஃபேஸ்), அதாவது தனித்தனியாகக் கம்பைல் செய்த பகுதிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டிய நினைவக அமைப்பு. இலகுவான நிலை கொள்கலன்களின் உருவத்தை மாற்றுவதில்லை, ஆகவே நிரலின் ஒரு பகுதிக்கு மட்டும் அதைக் கொடுத்தாலும் இணைந்து ஓடும். டீபக் மோடு அப்படி அல்ல. 64 பிட் கணினியில் வழக்கமாக 24 பைட் இருக்கும் வெக்டர் இதில் பெரிதாகிவிடும். ஆகவே வெக்டரைக் கொடுத்து வாங்கும் எல்லாக் கோப்புகளும் எல்லா நூலகங்களும் ஒரே மோடில் கட்டப்பட்டிருக்க வேண்டும்.

கலந்துவிட்டால் என்ன ஆகும் என்பது உங்கள் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. ஒரு செயற்கூறு வெக்டரை நேரடியாக அளபுருவாக வாங்கினால், டீபக் வெக்டரின் உட்பெயர் வேறு என்பதால் லிங்க்கர் அந்தச் செயற்கூறைக் காணவில்லை என்று திட்டவட்டமாக மறுத்துவிடும். இது நல்ல விளைவு. ஆனால் அந்த வெக்டர் ஒரு ஸ்ட்ரக்டுக்குள் ஒளிந்திருந்து, செயற்கூறு அந்த ஸ்ட்ரக்டை மட்டும் வாங்கினால், லிங்க்கருக்கு வேறுபாடு தெரியாது. நிரல் கட்டப்படும், ஓடும், ஒரு பக்கம் 24 பைட் என்றும் மறுபக்கம் வேறு அளவு என்றும் நம்பிக்கொண்டு ஒன்றின் நினைவகத்தை மற்றொன்று மிதிக்கும். பிழை தேடும் கருவியே புதிய பிழையை உண்டாக்கிவிட்டதை உணர எனக்கு இரண்டு நாள் பிடித்தது. பைனரியாக மட்டுமே வாங்கியிருந்த ஒரு நூலகம் அதற்குக் காரணம். ஆகவே இரண்டாம் படியில் எழுதிய பட்டியலை எடுத்து, மூலநிரல் கிடைக்கும் எல்லாவற்றையும் டீபக் மோடில் மறுபடி கட்டுங்கள். மூலநிரல் கிடைக்காத நூலகத்தின் ஹெடரில் செந்தரக் கொள்கலன் எங்காவது வருகிறதென்றால், அதைத் தொடாத பகுதிகளை மட்டும் தனிச் சோதனை நிரலாகப் பிரித்து அதற்கு டீபக் மோடு கொடுங்கள். பழைய ஆப்ஜெக்ட் கோப்புகள் மிஞ்சிவிடாதபடி, டீபக் மோடுக்கென்று தனி பில்டு அடைவு வைத்துக்கொள்வது கட்டாயம் என்றே சொல்வேன்.

ஸ்ட்ரிங் இதில் விதிவிலக்கு. டீபக் மோடிலும் சாதாரண ஸ்ட்ரிங்கின் இடத்தில் கண்காணிக்கும் ஸ்ட்ரிங் வந்து அமர்வதில்லை. சதுர அடைப்புக்குறி போன்ற இலகுவான சோதனைகள் உண்டு, ஆனால் செல்லாமல் போன ஸ்ட்ரிங் இட்டரேட்டர்கள் பிடிபடாது. சந்தேகம் ஸ்ட்ரிங்கின் மேல்தான் என்றால், __ஜிஎன்யு_டீபக் என்ற நேம்ஸ்பேஸில் இருக்கும் ஸ்ட்ரிங்கை அந்த இடத்தில் நீங்களே பெயர் சொல்லிப் பயன்படுத்த வேண்டும். இந்த நேம்ஸ்பேஸின் பெயர் மட்டும் சிறிய எழுத்தில்.

7. மற்ற இரண்டு நூலகங்கள்

லிப்சி++ இல் எல்எல்விஎம் 18 முதல் _லிப்சிபிபி_ஹார்டனிங்_மோடு என்ற மேக்ரோ இருக்கிறது. அதன் மதிப்பாக ஃபாஸ்ட், எக்ஸ்டென்சிவ், டீபக் ஆகிய மூன்றில் ஒன்றை, அதே மேக்ரோவின் பெயரை முன்னொட்டாகச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர் டீபக்கை எடுக்கலாம். சார்ட்() செயற்கூறுக்குக் கொடுத்த ஒப்பீடு முறையானதா என்பதையும் அது சோதிக்கும். இந்த மோடுகள் ஏபிஐயை மாற்றாதது பெரிய வசதி; அதற்கு ஈடாக, வெக்டர் இடம் மாறியதால் செல்லாமல் போன இட்டரேட்டர்களைப் பின்தொடரும் வேலையை இவை செய்வதில்லை. அந்த வகைப் பிழையைத் தேடுகிறவர் நிரலை லிப்எஸ்டிடிசி++ இலும் ஒரு முறை கட்டிப் பார்ப்பது நல்லது.

விஷுவல் ஸ்டுடியோவில் டீபக் பில்டு செய்தாலே _இட்டரேட்டர்_டீபக்_லெவல் 2 ஆக இருக்கும். ரிலீஸில் அது 0. ரிலீஸில் 2 வைக்க முடியாது. மாறுபட்ட மதிப்புகளோடு கட்டிய கோப்புகளை இணைத்தால் எல்என்கே2038 என்ற பிழையோடு லிங்க்கர் நின்றுவிடும்; ஆறாம் படியில் நான் இழந்த இரண்டு நாட்களை நினைத்தால் இந்தக் கண்டிப்பின் அருமை புரிகிறது. இங்கே உள்ள பொறி வேறு: அசெர்ஷன் தோற்றால் திரையில் ஓர் உரையாடல் பெட்டி வந்து பொத்தானை அழுத்தச் சொல்லும். ஆளில்லாத சோதனைச் சேவையகத்தில் அதை அழுத்த யாரும் இல்லை, வேலை கால வரம்பு முடியும் வரை தொங்கும். மெயின் செயற்கூறின் தொடக்கத்தில் _சிஆர்டிசெட்ரிப்போர்ட்மோடு, _சிஆர்டிசெட்ரிப்போர்ட்ஃபைல் ஆகிய இரண்டு அழைப்புகளால் செய்தியைப் பிழை வெளியீட்டுக்குத் திருப்பிவிடுங்கள். இந்த இரு பெயர்களில் ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்து மட்டுமே பெரியது.

8. முதல் நாளிலேயே பிடிபடுபவை, அவற்றைத் திருத்தும் முறை

பழைய நிரல் ஒன்றில் அசெர்ஷனை முதல் முறை இயக்கினால், பெரும்பாலும் முதலில் விழுவது உண்மையான பிழை போலவே தோன்றாத ஒன்றுதான். சி மொழியில் எழுதிய செயற்கூறுக்கு வெக்டரின் முகவரியைக் கொடுக்க, சுழியாவது உறுப்பின் முகவரியை ஆம்பர்சாண்டு வைத்து எடுத்திருப்பார்கள். முடிவுக்கு, சைஸ்() என்ற எண்ணில் உள்ள உறுப்பின் முகவரியை அதே முறையில் எடுத்திருப்பார்கள். வெக்டர் காலியாக இருந்தால் முன்னது தவறு, பின்னது எப்போதுமே தவறு, ஏனென்றால் முகவரி எடுப்பதற்கு முன் இல்லாத உறுப்பை அணுகியாகிவிட்டது. முகவரியை மட்டும்தானே எடுக்கிறேன், படிக்கவில்லையே என்று வாதாடத் தோன்றும், நானும் வாதாடினேன். வாதத்தை விட்டுவிட்டு டேட்டா() என்றும், டேட்டா() கூட்டல் சைஸ்() என்றும் மாற்றிவிடுங்கள். இந்த மாற்றத்தை நிரல் முழுவதும் தேடி ஒரே நாளில் முடித்துவிட்டால், அதன் பின் வரும் தோல்விகளுக்கு உரிய கவனத்தைக் கொடுக்க முடியும்.

அடுத்தது ரிசர்வ்() செய்துவிட்டு நேரடியாகச் சதுர அடைப்புக்குறியால் எழுதுவது. ரிசர்வ்() இடத்தை மட்டுமே பிடிக்கும், அளவு சுழியாகவே இருக்கும். எழுதிய எண்கள் நினைவகத்தில் இருந்தாலும் வெக்டரைப் பொறுத்தவரை அவை இல்லை. ரிசைஸ்() ஆக மாற்றுங்கள், அல்லது புஷ்_பேக்() பயன்படுத்துங்கள்.

சுழற்சிக்குள் உறுப்பை நீக்குவது மூன்றாவது. இரேஸ்() அழைத்த பிறகு பழைய இட்டரேட்டரையே கூட்டி நகர்த்துகிறார்கள். இரேஸ்() திருப்பித் தரும் மதிப்பை இட்டரேட்டரில் ஏற்றிக்கொண்டு, அந்தச் சுற்றில் மட்டும் நகர்த்தாமல் விட வேண்டும். சி++20 பயன்படுத்த முடிந்தால் இரேஸ்_இஃப்() இந்தச் சுழற்சியையே தேவையற்றதாக்கிவிடும்.

சார்ட்() செயற்கூறுக்கான ஒப்பீட்டில் சிறியது என்ற குறிக்குப் பதிலாகச் சிறியது அல்லது சமம் என்ற குறியை எழுதுவது, பார்க்க மிகச் சாதுவான பிழை. ஒரே மதிப்புள்ள உறுப்புகள் கூடும்போது வரிசைப்படுத்தும் அல்காரிதம் கொள்கலனின் எல்லையைத் தாண்டிப் போய்விடக்கூடும். ஓர் உறுப்பு தன்னைவிடவே சிறியது என்று உங்கள் ஒப்பீடு சொல்கிறதா என்பதை டீபக் மோடு நேரடியாகக் கேட்டுப் பார்த்துவிடும்.

கடைசியாக ஒன்று: ஒரு கொள்கலனை மதிப்பாகத் திருப்பித் தரும் செயற்கூறை இரண்டு முறை அழைத்து, ஒன்றின் பிகின்() ஐயும் மற்றொன்றின் எண்டு() ஐயும் சுழற்சிக்குக் கொடுப்பது. அவை இரண்டும் வெவ்வேறு கொள்கலன்கள். வாசிக்கும்போது கண்ணுக்கே படாத இந்தப் பிழையை டீபக் மோடு முதல் ஓட்டத்திலேயே காட்டும்.

9. செலவும் நேரமும்

இலகுவான நிலையில் ஒவ்வோர் அணுகலுக்கும் ஓர் ஒப்பீடும் ஒரு கிளையும் கூடுகின்றன. பெரும்பாலான நிரல்களில் இதை உணரவே முடியாது. எண்களை அள்ளிப் போடும் இறுக்கமான உட்சுழற்சிகளில், கம்பைலர் வெக்டரைசேஷன் (பல எண்களை ஒரே கட்டளையில் கையாள்வது) செய்ய முடியாமல் போவதால் உணர முடியலாம். அந்த ஒரு சுழற்சியில் மட்டும் டேட்டா() வழியே பாயிண்ட்டர் எடுத்து ஓட்டினால் போதும், சோதனையை நிரல் முழுவதும் அணைக்க வேண்டியதில்லை. லிப்சி++ இன் ஹார்டனிங்கைத் தன் சேவைகளில் இயக்கிய கூகுள் 2024 இல் வெளியிட்ட கணக்கு, சராசரி வேக இழப்பு 0.30 விழுக்காடு என்றும், அந்த முயற்சியில் 1,000 க்கும் மேற்பட்ட பிழைகள் கிடைத்தன என்றும் சொல்கிறது. ஃபெடோரா லினக்ஸ் தன் பொதிகளை 28 ஆம் பதிப்பு முதல் லிப்எஸ்டிடிசி++ இன் இலகுவான நிலையோடு கட்டுகிறது. ஆகவே இதைப் பயனரிடம் போகும் ரிலீஸ் பில்டிலும் வைத்திருப்பது துணிச்சலான செயல் ஒன்றும் அல்ல. வைக்கும் முன் உங்கள் நிரலை நீங்களே அளந்து பாருங்கள்.

முழு டீபக் மோடின் செலவு வேறு தரம். இட்டரேட்டரை நகலெடுப்பதுகூடக் கொள்கலனின் கணக்கில் பதிவாகிறது. அதைவிட முக்கியமாக, சில அல்காரிதங்களின் வளர்ச்சி வீதமே மாறிவிடுகிறது: பத்து லட்சம் உறுப்புகளில் லோயர்_பவுண்டு() ஏறக்குறைய 20 ஒப்பீடுகளில் முடியும், அந்த உறுப்புகள் முறையாகப் பிரிந்திருக்கின்றனவா என்று சோதிக்க டீபக் மோடு அத்தனையையும் தொட்டுப் பார்க்கும். ஒரு சுழற்சிக்குள் இது நடந்தால், நிமிடத்தில் முடிந்த சோதனை இரவு முழுவதும் ஓடும். ஆகவே டீபக் மோடுக்கு உள்ளீட்டைச் சிறிதாக்குங்கள். நூறு உறுப்புகள் போதும். நூலகத்தைத் தவறாகக் கையாளும் பிழைகள் தோன்றப் பெரிய தரவு அவசியமில்லை, காலியான தொகுப்பு, ஒரே உறுப்புள்ள தொகுப்பு, எல்லாம் சமமான தொகுப்பு போன்ற விளிம்பு நிலைகள்தான் அவசியம்.

நேரத்தைப் பொறுத்தவரை எனக்குப் பயன்பட்ட ஏற்பாடு இது: இலகுவான நிலை ஒவ்வொரு பில்டிலும், என் சொந்தக் கணினி உட்பட, முழு டீபக் மோடு இரவில் ஒரு முறை, தனி அடைவில், சிறிய உள்ளீடுகளோடு. முதல் முறை இயக்கும்போது வெளியீட்டுத் தேதி நெருங்கியிருக்கக் கூடாது. அசெர்ஷன் முதல் தோல்வியிலேயே நிரலை நிறுத்திவிடுவதால், பிழைகள் பட்டியலாக வராமல் ஒன்றைத் திருத்திய பின் அடுத்தது என்று ஒவ்வொன்றாகத்தான் வரும். எத்தனை மிச்சம் என்று முன்கூட்டிச் சொல்ல வழி இல்லை.

10. அசெர்ஷன் காணாதவை

வெக்டரின் ஓர் உறுப்புக்கு ரெஃபரன்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு வெக்டரில் புதிய உறுப்பைச் சேர்த்தால், அந்த ரெஃபரன்ஸ் செத்துவிடும். ஆனால் ரெஃபரன்ஸ்களுக்கும் வெறும் பாயிண்ட்டர்களுக்கும் கணக்கு வைப்பார் இல்லை, ஆகவே டீபக் மோடும் இதைச் சொல்லாது. அழிந்துபோன ஸ்ட்ரிங்கைச் சுட்டும் ஸ்ட்ரிங்_வியூவும் இப்படித்தான். இவை இரண்டுக்கும் அட்ரஸ் சானிடைசர் வேண்டும். இரண்டு திரிகள் (த்ரெட்கள்) ஒரே வெக்டரை ஒரே நேரத்தில் மாற்றுவதற்கு த்ரெட் சானிடைசர் வேண்டும்.

அட்ரஸ் சானிடைசரை இவற்றோடு சேர்த்து ஓட்டுகிறவர்கள் ஒரு மேக்ரோவைக் கூடுதலாகத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். வெக்டரின் அளவுக்கும் கொள்ளளவுக்கும் இடையே உள்ள பயன்படாத இடத்தை லிப்சி++ தானாகவே தடைப்பகுதியாகக் குறித்துவிடும். லிப்எஸ்டிடிசி++ இல் _ஜிஎல்ஐபிசிஎக்ஸ்எக்ஸ்_சானிடைஸ்_வெக்டர் என்பதைக் கொடுத்தால்தான் குறிக்கும், அதுவும் வெக்டரைத் தொடும் எல்லாக் கோப்புகளுக்கும் கொடுத்தால்தான் சரியாக வேலை செய்யும். கிளியர்() செய்த வெக்டரில் பழைய எண்ணைப் படித்துக்கொண்டிருந்த என் நிரலில் சானிடைசர் மூன்று வாரம் மௌனமாக இருந்ததற்கு இந்த மேக்ரோ இல்லாததுதான் காரணம்.